கட்டாக்காலி நாயும் நமது வளவும்

மன்னார்த் தீவுக்கு முதன்முறையாக வருகின்றவர்கள் பெருக்க மரத்தையும் தெருவில் திரியும் கழுதைகளையும் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அரபு வணிகர்கள் கொண்டுவந்தவை என்று நம் முன்னோர் சொல்லும் அந்தக் கழுதைகளுக்கென்று மன்னாரில் ஒரு வைத்திய நிலையமும் கல்வி நிலையமும் அமைக்கப்பட்டன. 'பிரிட்ஜிங் லங்கா' என்ற அமைப்பு அதனைத் தொடக்கியது.

நாய்களை எவரும் படம் பிடிப்பதில்லை. பேசாலைக் கடற்கரையில் மீன்வாடிகளைச் சுற்றியும், சந்தைக்குப் பின்னாலும், புகையிரத நிலையத்து நிழலிலும் அவை கிடக்கின்றன. 'கட்டாக்காலி' என்ற ஒரு சொல்லோடு நாம் அவற்றைக் கடந்து போய்விடுகிறோம்.

அப்படிப்பட்ட நாயொன்றை மீட்புக் குழு ஒன்றிடமிருந்து எங்கள் வீட்டார் பொறுப்பேற்று ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்து வகுப்புத் தோழியர் என்னிடம் கேட்பவை மூன்றே கேள்விகள். முஸ்லிம் வீட்டில் நாய் வளர்க்கலாமா? கடித்தால் என்ன செய்வது? இத்தனை நாய் தெருவில் இருக்க, குழுவிடம் போய்க் கேட்டு வாங்குவானேன்? இவற்றுக்கு வாசித்தும் விசாரித்தும் பார்த்தும் அறிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

கட்டாக்காலி எங்கிருந்து வருகிறது?

தெருநாய்களில் பலவற்றின் கதை ஒரு வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. வீட்டு நாய் குட்டி போடுகிறது. ஆண் குட்டிகளை அயலவர் கேட்டு எடுத்துச் செல்கிறார்கள். பெட்டைக் குட்டிகளை எவரும் கேட்பதில்லை. பெட்டை வளர்ந்தால் மீண்டும் குட்டி போடும், அதை யார் பார்ப்பது என்ற பயம். ஆகவே கண் திறந்தும் திறவாமலும் இருக்கும் அந்தக் குட்டிகள் ஒரு காட்போட் பெட்டியில் வைக்கப்பட்டுச் சந்தையடியிலோ, பாடசாலை மதிலோரத்திலோ, பள்ளிவாசல், கோயில் வாசலிலோ விடப்படுகின்றன. அங்கே யாராவது இரக்கப்பட்டுச் சோறு வைப்பார்கள் என்பது விட்டவர்களின் கணக்கு.

பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. தப்பிய பெட்டை ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் பருவமடைகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஒரு ஈற்றில் நான்கு முதல் எட்டு வரை குட்டிகள் பிறக்கும். வருடத்தில் இரண்டு முறைகூட ஈனலாம். எந்தப் பயத்தினால் அந்தப் பெட்டைக் குட்டியைக் கொண்டுபோய் விட்டார்களோ, அந்தப் பயம் தெருவில் பல மடங்காக உண்மையாகிறது. பெண்பிள்ளை பிறந்தால் முகம் சுளித்த அறியாமைக் காலத்து மனிதரைப் பற்றி நாம் பாடத்தில் படிக்கிறோம். பெட்டைக் குட்டியின் பெட்டியைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாடம்தான் நினைவுக்கு வரும்.

கொன்றால் குறையுமா?

எங்கள் வளவில் பதினொரு ஆடுகள் நின்றன. ஒரு மழைக்கால இரவில் நாய்க்கூட்டம் ஒன்று கிடுகு வேலியைப் பிரித்து உள்ளே வந்து இரண்டு குட்டிகளைக் கடித்துப் போட்டது. மறுநாள் காலையில் உறவினர் ஒருவர் மீனுக்குள் நஞ்சு வைத்துவிடலாம் என்றார். வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு ஆட்டுக்குட்டி என்பது எங்களைப் போன்ற வீட்டில் சிறிய நட்டமன்று. அன்றைய கோபத்தில் அந்த யோசனை எங்களில் பலருக்கும் சரியாகவே பட்டது. உம்மம்மாதான், "நஞ்சு தின்ன வாறது நீங்க தேடுற நாய்தான் எண்டு யாருக்குத் தெரியும்? பூனை தின்னும், காகம் தின்னும், நம்மட ஆடும் போய் வாய் வைக்கும்" என்றார். பேச்சு அத்தோடு நின்றது.

உம்மம்மா அனுபவத்தால் சொன்னதை உலகம் பல ஆண்டுகள் செலவழித்துக் கற்றிருக்கிறது. ஓரிடத்தில் எத்தனை நாய்கள் வாழும் என்பதைத் தீர்மானிப்பது அங்கே கிடைக்கும் உணவு. பேசாலைக் கரையில் மீன்கழிவு கொட்டப்படும்வரை அந்த இடம் காலியாக இராது. இருக்கும் நாய்களைக் கொன்றால் அயலூர் நாய்கள் வந்து நிரப்பும். புதிதாக வருபவை தடுப்பூசி போடப்படாதவை, இடத்துக்காகச் சண்டையிடுபவை. ஆகவே ஆபத்துக் கூடுமேயன்றிக் குறையாது.

சென்னை மாநகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நூறு வருடத்துக்கு மேலாகியும் நாய்கள் குறையவில்லை. விமானியான கப்டன் வி. சுந்தரம் 1959 இல் மழை வெள்ளத்தில் தவித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றியதிலிருந்து தொடங்கியதே 'புளூ குறொஸ்' அமைப்பு. அது 1964 இல் பதிவு செய்யப்பட்டது. கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று அவர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். 1996 இல் மாநகராட்சி அதனை ஏற்றது. 2001 இல் இந்தியா முழுவதற்கும் அதுவே விதியாயிற்று.

நமது நாட்டிலும் 2006 முதல் தெருநாய்களைக் கொல்லாமை அரசின் கொள்கையாக உள்ளது. கொழும்பு மாநகர சபையும் 'புளூ போ' நம்பிக்கை நிறுவனமும் சேர்ந்து தலைநகரில் கருத்தடை, தடுப்பூசித் திட்டங்களை நடத்தின.

முஸ்லிம் உலகத்திலிருந்தும் ஒரு பாடம் உண்டு. இஸ்தான்புல் நகரத்தார் தலைமுறை தலைமுறையாகத் தெருநாய்களுக்கு உணவும் நீரும் வைத்துவந்தவர்கள். 1910 இல் நகரத்தை நவீனமாக்கப் புறப்பட்ட நிர்வாகம் ஆயிரக்கணக்கான நாய்களைப் பிடித்து, நீரில்லாத தீவொன்றில் கொண்டுபோய் இறக்கியது. பசியாலும் தாகத்தாலும் அவை மடிந்தன. அதன் பின் நாட்டுக்கு வந்த துன்பங்களுக்கு அந்தப் பாவமே காரணம் என்று நகர மக்கள் நெடுங்காலம் பேசிக்கொண்டார்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நம் ஊர்களில் நாயைக் கண்டால் கல்லெறியும் சிறுவர்கள், "அது நஜீஸ்" என்று காரணம் சொல்வார்கள். நஜீஸ் என்பது கழுவுவதற்கான சட்டம். வதைப்பதற்கான அனுமதி அதில் எங்கும் இல்லை. இவ்விரண்டையும் பிரித்து விளங்கிக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இலங்கையில் நாம் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயும் அதன் உமிழ்நீரும் கடும் நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த நீராக இருக்க வேண்டும். இரு பக்கமும் உலர்ந்திருக்கத் தொட்டால் நஜீஸ் பரவாது. ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீர் மட்டுமே நஜீஸ் என்ற கருத்தும், மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானதே என்ற கருத்தும் உள்ளன. எமக்கு எம் மத்ஹபின் சட்டமே வழி. ஆயினும் பிறர் கருத்தை அறிந்திருப்பது நல்லது.

வளர்ப்பதைப் பொறுத்தவரை, வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் ஆகிய தேவைகளுக்காக நாய் வைத்திருப்பதை ஹதீஸ் அனுமதிக்கிறது. தேவையின்றி வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்றும் எச்சரிக்கிறது. பழக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்பது சூரா மாயிதாவில் உள்ளது. குகைவாசிகளின் நாய் வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்ததை சூரா கஹ்ஃபு சொல்கிறது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததை நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை நாம் சிறு வகுப்பிலேயே படித்தோம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த இப்னு அல் மர்சுபான் என்ற அறிஞர், மனிதரிற் பலரைவிட நாய் மேலானது என்பதைக் காட்டும் கதைகளையும் கவிதைகளையும் தொகுத்து ஒரு நூலே செய்தார். அரபு இலக்கியத்தில் நாய் இகழப்பட்ட பிராணி மட்டுமன்று என்பதற்கு அது சான்று.

எங்களுக்கு ஆடுகள் இருந்தன, காவல் தேவைப்பட்டது. வாப்பா பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டு, தெளிவு பெற்ற பின்னரே அடுத்த அடி வைத்தார். உங்கள் வீட்டு நிலை வேறாக இருக்கலாம். ஆகவே நீங்களும் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

மீட்புக் குழு செய்வது என்ன?

தெருவில் நிற்கும் குட்டியைத் தூக்கிவருவதற்கும் குழுவிடமிருந்து பெறுவதற்கும் உள்ள வேறுபாடு, இடையில் நடக்கும் வேலையில் இருக்கிறது. ஒட்டாரா குணவர்தன 2007 இல் தொடங்கிய 'எம்பார்க்' அமைப்புத் தெருக்குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுக்கும் பணியைத் தென்னிலங்கையில் பலரறியச் செய்தது. வடக்கில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் காப்பகம் இருக்கிறது. ஊர் தோறும் பெயர் தெரியாத சிறு குழுக்களும் தனியாட்களும் இதைச் செய்கிறார்கள்.

குழுவினர் மீட்ட நாயை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்துப் பார்க்கிறார்கள். மிருக வைத்தியர் பரிசோதிக்கிறார். பூச்சிமருந்து கொடுத்து, உண்ணி தெள்ளு நீக்கி, விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான தடுப்பூசியும் போடுகிறார்கள். வயது வந்ததற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, அதன் குணத்தைக் கவனிக்கிறார்கள். பிள்ளைகளோடு பொறுமையாக இருக்குமா, ஆடு கோழியைத் துரத்துமா, சத்தத்துக்கு மிரளுமா என்பதை நமக்குச் சொல்ல அவர்களால் முடியும். தெருவில் கண்ட நாயைப் பற்றி எவராலும் அப்படிச் சொல்ல முடியாது.

அதன் பிறகு அவர்கள் நம்மைச் சோதிப்பார்கள். எங்களிடம் கேட்கப்பட்டவை இவை: வளவுக்கு வேலி உண்டா? பகலில் யார் இருப்பார்கள்? நாளெல்லாம் சங்கிலியில் கட்டுவீர்களா? நோய் வந்தால் எந்த வைத்தியரிடம் போவீர்கள்? வீட்டில் எல்லாரும் சம்மதமா? நாய் வீட்டுக்குள் வராது, வெளியே ஆட்டுக்கொட்டிலை ஒட்டி அதற்குக் கூரையுள்ள இடம் செய்வோம் என்று வாப்பா நேராகவே சொன்னார். மார்க்கக் காரணத்தையும் மறைக்கவில்லை. குழுவைச் சேர்ந்த அந்த அக்கா கேட்டுவிட்டு, "மழை படாமலும் வெயில் படாமலும் இருந்தால் போதும் ஐயா. கட்டிலில் படுக்க வைக்கிறம் எண்டு சொல்லிப்போட்டு ஒரு மாதத்தில திருப்பித் தாறவையைவிட இது நல்லம்" என்றார். பின்னர் நாங்கள் ஒரு படிவத்தில் ஒப்பமிட்டோம். வளர்க்க முடியாமற்போனால் தெருவில் விடாமல் குழுவிடமே திருப்பித் தருவது அதில் முதல் நிபந்தனை.

எங்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு வயதுப் பெட்டை. கருத்தடை செய்யப்பட்டது. ஆட்டோடு பழகியது. யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரிப் பாதையால், சங்குப்பிட்டிப் பாலம் கடந்து வானில் வந்து சேர்ந்தது. குட்டிதான் வேண்டும் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் காவலுக்கும் முதன்முறை வளர்ப்பவருக்கும் குணம் தெரிந்த வளர்ந்த நாயே நல்லது. அதுபோலவே, பெரும் பணம் கொடுத்து வாங்கும் அல்சேஷன், ரொட்வீலர் போன்றவை குளிர்நாட்டுக்கென வளர்க்கப்பட்ட வகைகள். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. மன்னார் வெயிலை நன்கு தாங்குவது மெல்லிய உரோமமுள்ள ஊர் நாய்தான்.

முதல் மூன்று மாதம்

புதிய நாய் பழகுவதற்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் அது பயத்தில் இருக்கும். உண்ணாது, ஒளிந்துகொள்ளும். அழைக்காமல் விட்டுவிட வேண்டும். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்களை அறிந்துகொள்ளும். மூன்று மாதத்தில் இது என் இடம் என்று உணரும். எங்கள் நாய் முதல் இரண்டு நாள் கொட்டிலுக்குப் பின்னால் குந்தியிருந்தது. மூன்றாம் நாள் சுபஹு நேரம் வாப்பா வெளியே வந்தபோது வாலை ஒரேயொரு தடவை ஆட்டியது என்று அவர் வந்து சொன்னார்.

சோறும் அவித்த மீனும் அதற்குப் போதும். முள்ளை நீக்கிக் கொடுக்க வேண்டும். அவித்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் கிழிக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். வெங்காயம், சொக்லேட், முந்திரிகைப் பழம் ஆகியன நாய்க்கு நஞ்சு. தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

சுத்தத்துக்கு உம்மா ஓர் ஒழுங்கு செய்தார். நாயின் பாத்திரம் தனி, அதற்குச் சோறு வைக்கும் நேரத்துச் செருப்பும் மேலுடையும் தனி. கிணற்றடியில் ஒரு வாளியில் சுத்தமான மண் எப்போதும் இருக்கும். தொழுகை உடுப்புக் காயும் கொடி முன்வாசலுக்கு மாறியது. இவ்வளவுதான். தொடக்கத்தில் மிகவும் பயந்தவர் உம்மாதான். ஒழுங்கு வந்தபின் பயம் போயிற்று. அவர் இன்றும் நாயைத் தொடுவதில்லை. ஆனால் மத்தியானம் தண்ணீர்ப் பாத்திரம் காய்ந்திருந்தால் முதலில் சத்தம் போடுபவரும் அவர்தான். நாய் வந்தபின் வேலியைப் பிரித்து எதுவும் உள்ளே வரவில்லை.

கடித்தால்?

விசர்நாய்க்கடி நோய் அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எப்போதும் மரணத்திலேயே முடியும். அறிகுறிக்கு முன் சிகிச்சை பெற்றால் முற்றாகத் தடுக்கலாம். 1885 இல் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குத் தடுப்பூசி ஏற்றிக் காப்பாற்றியதிலிருந்து உலகம் இதை அறியும். இலங்கையில் 1973 இல் மட்டும் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் திட்டங்களாலும் வைத்தியசாலைச் சிகிச்சையாலும் அண்மைக் காலங்களில் அது ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும்.

கடியோ நகக்கீறலோ பட்டால், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி இலவசம். நாய் தெரிந்ததாயின் அதனைக் கொல்லாமல் 14 நாட்கள் கட்டிவைத்துக் கவனியுங்கள். அது உயிரோடு இருப்பதே வைத்தியருக்குத் தேவையான சாட்சி. குட்டியின் கடியும் கடிதான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். சின்னக் கடியைப் பிள்ளைகள் மறைப்பது வலி இல்லாததால் அன்று. "நாயிட்ட ஏன் போனாய்?" என்ற அடிக்கும், நஜீஸாகிவிட்டாய் என்ற ஏச்சுக்கும் பயந்துதான். கடித்தது என்று வந்து சொல்லும் பிள்ளையை ஏசமாட்டோம் என்று இன்றே உங்கள் வீட்டில் சொல்லிவையுங்கள். நாய் வளர்க்காத வீட்டுக்கும் இது தேவை.

பொறுப்பேற்கும் முன்

வளர்ப்பு நாயை ஆண்டுதோறும் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும் என்பது 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுச் சட்டம். விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் ஆண்டுக்கொரு முறை போடப்பட வேண்டும். தடுப்பூசி அட்டையைப் பிள்ளைகளின் அட்டைகளோடு சேர்த்து வையுங்கள்.

நன்கு பார்க்கப்பட்ட நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு தங்கை ஆசையோடு குட்டியை எடுத்தால், அவள் உயர்தரம் முடித்து, பல்கலைக்கழகம் சென்று, திருமணமாகி வேறு ஊர் போன பின்னும் அந்த நாய் வளவில் இருக்கும். அப்போது சோறு வைக்கப்போவது உம்மாவும் வாப்பாவும். ஆகவே மகளின் ஆசை மட்டும் போதாது. பெரியவர்களின் மனதார்ந்த சம்மதம் வேண்டும். அது இல்லையென்றால் வளர்க்காமல் விடுவதே நாய்க்குச் செய்யும் நன்மை.

வளர்க்க முடியாதவர்கள் செய்யக்கூடியவை பல. வெயில் காலத்தில் வேலியோரம் ஒரு சட்டி தண்ணீர் வைக்கலாம். தெருவில் தடுப்பூசி போட வரும் நாளை அறிந்து அயலுக்குச் சொல்லலாம். மீன்கழிவைத் திறந்த வெளியில் கொட்டாமல் புதைக்கலாம். எல்லாவற்றிலும் மேலாக, நாலைந்து வீட்டார் சேர்ந்து தம் தெருவில் திரியும் ஒரேயொரு பெட்டை நாய்க்குக் கருத்தடைச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். அடுத்த மாரியில் எங்கள் பாடசாலை மதிலோரம் ஒரு காட்போட் பெட்டி குறையும்.